ஃபோர்டு மூன்றாம் முறை வருகிறது. பிள்ளைகளை அனுப்பலாமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் ஒரு சாயாவை வைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள்.

சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில் பூட்டிக் கிடக்கும் ஃபோர்டு தொழிற்சாலையை மறுபடியும் ஓட்டுவதற்கு, 2025 அக்டோபர் 31-ஆம் தேதி அந்தக் கம்பெனியும் தமிழ்நாடு அரசும் ஒப்பந்தம் போட்டன. முதலீடு 3,250 கோடி ரூபாய். இந்த முறை கார் இல்லை, என்ஜின் மட்டும். வருடத்துக்கு 2,35,000 என்ஜின்கள். 600 பேருக்கு மேல் வேலை. 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்தச் செய்தி வந்ததிலிருந்து என்னிடம் படித்த சிலர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி போனில் கேட்டது அப்படியே காதில் இருக்கிறது. "டீச்சர், எனக்க மவன் கோணத்துல மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கான். ஃபோர்டு திரும்ப வருகாமே? முடிச்ச உடன அங்க விடலாமா? இல்ல, பழையபடி பூட்டிட்டுப் போயிருவானுவளா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லி போனை வைக்க மனம் வரவில்லை. "நான் விசாரித்து எழுதுகிறேன் மக்களே" என்றேன். அந்தப் பதில்தான் இது.

தொடக்கப் பள்ளி டீச்சருக்குக் கார் கம்பெனி விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தது நான். அதனால் அந்த ஊர்ச் செய்தி எதுவும் எனக்கு வெளியூர்ச் செய்தி இல்லை.

ஃபோர்டு திரும்பவும் போய்விடுமா என்ற கேள்விக்கு, அது எப்படிப்பட்ட கம்பெனி என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே முதலில் கதை.

ஹென்றி ஃபோர்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. 1903-ல் டெட்ராய்ட் நகரில் கம்பெனியைத் தொடங்கினார். அப்போது கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். 1908-ல் 'மாடல் டி' என்ற காரைக் கொண்டுவந்தார். விலை ஏறக்குறைய 850 டாலர். குண்டும் குழியுமான கிராமத்துப் பாதையில் ஓடும்படி உயரமாக நின்றது. பட்டறையில் நாலு ஸ்பானர் வைத்திருக்கிற விவசாயி தானே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். அந்த எளிமைதான் அதன் பெருமை.

1925-ல் அதே காரின் விலை 260 டாலர். மற்ற சாமான்கள் எல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கார் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1927-ல் அந்த மாடலை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி கார்கள் வெளியே போயிருந்தன.

விலை எப்படி இறங்கியது? நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். உப்பு வைக்கிறவர் ஒருவர், துவரன் ஒருவர், அவியல் ஒருவர், எரிசேரி ஒருவர், பப்படம் ஒருவர் என்று வரிசையாக நடந்து பரிமாறுவார்கள். இலை இருந்த இடத்தில் இருக்கும், பரிமாறுகிறவர் நடப்பார். தொடக்கத்தில் கார் கம்பெனிகளிலும் இப்படித்தான். கார் ஓரிடத்தில் நிற்கும். ஆட்கள் சாமானை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள்.

ஃபோர்டு இதைத் திருப்பிப் போட்டார். பரிமாறுகிறவர் நின்ற இடத்தில் நிற்க, இலையை நடக்க வைத்தார். 1913-ல் டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலண்ட் பார்க் என்ற ஆலையில் காரின் அடிச்சட்டத்தை இழுத்து நகரவிட்டார்கள். ஒருவர் ஒரு திருகாணியை வைப்பார், அடுத்தவர் அதை முறுக்குவார், அதற்கடுத்தவர் வேறொன்றைப் பொருத்துவார். அதுவரை ஒரு அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு வருடத்துக்குள் 93 நிமிடமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் பெரும்பாலான பெரிய கார் ஆலைகள் இந்த மாதிரியில்தான் கட்டப்பட்டன.

இதில் ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கும்படி ஒரு காரைச் செய்தார் ஃபோர்டு. அதே காரைச் செய்கிற தொழிலாளிக்கோ ஒரே ஒரு திருகாணி மட்டும்தான் தெரியும். முப்பது வருடம் பந்தியில் பப்படம் மட்டும் வைத்தவரிடம் ஒரு அவியல் வைத்துத் தாருங்கள் என்றால் அவர் என்ன செய்வார்?

அந்த வேலையின் சலிப்பு ஆட்களை விரட்டியது. 1913-ல் 14,000 பேர் வேலை செய்ய வேண்டிய ஆலையில், அந்த எண்ணிக்கையைக் குறையாமல் வைக்க அந்த ஒரு வருடத்தில் மட்டும் 50,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. சேர்வார்கள், நாலு வாரத்தில் ஓடிவிடுவார்கள். அதற்கு மருந்தாகத்தான் 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு அறிவிப்பு செய்தார். ஒன்பது மணி நேர வேலைக்கு 2 டாலர் 34 சென்ட் என்றிருந்த தினக்கூலி, இனி எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர். மறுநாள் ஆலை வாசலில் கூட்டம் நெரிந்தது.

தொழிலாளி மேல் அன்பினால் கொடுத்தார் என்று சிலர் எழுதுவார்கள். ஆள் நிற்க வேண்டும் என்று கொடுத்தார். அந்த 5 டாலரில் பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அது கிடைக்க வேண்டுமானால் தொழிலாளி குடிக்கக் கூடாது, வீடு சுத்தமாக இருக்க வேண்டும், சேமிக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுத கம்பெனியே ஒரு துறை வைத்திருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார் செய்கிற ஆளே கார் வாங்கலாம் என்ற நிலைமை அங்கிருந்துதான் தொடங்கியது. நல்லதும் கெட்டதும் ஒரே பொட்டலத்தில்தான் வந்தன.

இதே ஹென்றி ஃபோர்டுக்கு 1941-ல் காந்திஜி ஒரு கடிதம் எழுதினார். கூடவே தான் கையெழுத்திட்ட ராட்டை ஒன்றையும் அனுப்பிவைத்தார். ஓர் ஆள் தன் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்து முடிக்கிற வேலைக்கு அடையாளம் ராட்டை. அது, வேலையை ஆயிரம் துண்டாக வெட்டியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

இனி நம்ம நாட்டுக் கதை.

ஃபோர்டு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1926-ல். அமெரிக்கக் கம்பெனியாக நேரடியாக வரவில்லை. ஃபோர்டு கனடாவின் கிளையாக வந்தது. கனடாவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருந்ததால் சுங்க வரியில் சலுகை கிடைத்தது. நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு வேண்டிய வலது பக்க ஸ்டியரிங் வண்டிகளும் அங்கே தயாராகின. பெட்டிகளில் பாகங்கள் கப்பலில் வரும். பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் பூட்டி விற்றார்கள். இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸும் 1928-ல் பம்பாயில் இதே வேலையைத் தொடங்கியது. செவர்லே வண்டிகள் அப்படி வந்தவைதான்.

அப்போது நம்ம நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் ரோட்டைச் சர் சி.பி. திவானாக இருந்த காலத்தில் காங்கிரீட் ரோடாக்கினார்கள். 1938-ல் ராஜாவின் அரசே பஸ் விடத் தொடங்கியது. காரைப் பெரியவர்கள் கார் என்று சொல்ல மாட்டார்கள், "பிளஷர்" என்பார்கள். என் பாட்டி கடைசி வரை அப்படித்தான் சொன்னாள். தெருவில் பிளஷர் வந்தால் அது டாக்டர் வண்டியாக இருக்கும், இல்லையென்றால் கல்யாண வண்டியாக இருக்கும்.

சுதந்திரம் வந்த பிறகு இந்திய அரசு ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிற வேலை போதும். இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் வைத்திருக்கிற கம்பெனிகள் மட்டும் இருக்கலாம் என்றது. 1953-ல் இந்தக் கொள்கை உறுதியானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கணக்குப் பார்த்தன. இவ்வளவு சின்னச் சந்தைக்காக ஆலை கட்டுவது கட்டாது என்று 1954-ல் இரண்டுமே மூட்டையைக் கட்டின. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது.

கம்பெனி போய்விட்டது; அது விற்ற வண்டிகள் போகவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், அதாவது கம்பெனி போய்ப் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும், பழைய அமெரிக்க வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓட வைத்தது யார்? ஒர்க்‌ஷாப் ஆசான்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் ஆசான் இருந்தார். பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்பு. வண்டியின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். பாகம் கிடைக்காது, லேத்தில் கடைந்துகொள்வார், வேறு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்துவார். அவரிடம் சேர்கிற பையன் முதல் வருடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டும், மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவ வேண்டும். அஞ்சாறு வருடத்தில் முழு என்ஜினையும் இறக்கி ஏற்றுவான். சம்பளம் குறைவு, அடியும் திட்டும் உண்டு. ஆனால் அவனுக்குத் தெரிந்தது முழு வேலை.

ஃபோர்டு போன பிறகு நாற்பது வருடம் நமக்கு அம்பாசடர், ஃபியட், அப்புறம் மாருதி. சென்னையிலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நினைவிருக்கிறதா? வண்டலூர் பக்கம் செய்தார்கள். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது எடுபடவில்லை. சில வருடங்களிலேயே கதை முடிந்தது. மறைமலை நகருக்குப் போகிற அதே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இதுவும் நடந்தது. ஆகவே பூட்டிப் போகிற பழக்கம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மட்டும் உள்ளது இல்லை.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 1995-ல் ஃபோர்டு இரண்டாம் முறை வந்தது, இந்த முறை மகிந்திராவோடு கூட்டு. இதில் ஒரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பட்டாளத்துக்கு வில்லிஸ் கம்பெனியின் ஜீப்பை ஃபோர்டும் செய்து கொடுத்தது, ஏறக்குறைய 2,80,000 வண்டிகள். போர் முடிந்ததும் அதே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டித்தான் மகிந்திரா வண்டித் தொழிலுக்கே வந்தது. நம்ம ரப்பர் எஸ்டேட்டுகளில் மலை ஏறிய ஜீப்புகள் அந்த வம்சம்தான். அரை நூற்றாண்டு கழித்து இரண்டும் கைகோத்தன. 1996-ல் எஸ்கார்ட் என்ற காரை விட்டார்கள். 1998-ல் கம்பெனி பெரும்பாலும் ஃபோர்டு கைக்கே வந்தது.

மறைமலை நகரில் ஆலை எழும்பியது. தனித்தமிழுக்காகத் தன் வேதாசலம் என்ற பெயரையே மாற்றிக்கொண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில், ஆய்த எழுத்து போட்டு எழுத வேண்டிய ஃபோர்டு பலகை. தமிழ்ப் பாடம் எடுத்தவளுக்கு இது கண்ணில் படாமல் இருக்குமா?

1999-ல் ஐகான் வந்தது. இந்தியாவுக்கென்றே யோசித்துச் செய்த ஃபோர்டு கார். அப்புறம் ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈகோஸ்போர்ட். ஃபிகோ மூன்றரை லட்சத்துக்குள் தொடங்கியதால் நம்ம சொந்தத்திலேயே இரண்டு வீட்டில் வாங்கினார்கள். ஈகோஸ்போர்ட் பல நாடுகளுக்குக் கப்பல் ஏறியது. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில் செய்ததுதான். ஹென்றி ஃபோர்டின் ஊர்க்காரர்களுக்கே நம்ம பிள்ளைகள் கார் செய்து அனுப்பினார்கள். வேலையின் தரம் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இதைப் பிள்ளைகள் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் மூடினார்கள்?

மறைமலை நகரில் வருடத்துக்கு 2 லட்சம் கார் செய்ய வசதி இருந்தது. குஜராத்தில் சானந்த் என்ற ஊரில் 2015-ல் இன்னொரு ஆலையும் திறந்தார்கள். இரண்டும் சேர்ந்து நாலு லட்சத்துக்கு மேல் செய்யலாம். விற்பனை அந்த அளவுக்கு ஏறவே இல்லை. மாருதியும் ஹூண்டாயும் புதுப் புது மாடலாக இறக்கிக்கொண்டிருக்க, ஃபோர்டிடம் நாலைந்து வண்டிகள்தான் இருந்தன. கடைசியில் நாட்டில் விற்கிற கார்களில் ஃபோர்டின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி சொன்னது. மகிந்திராவோடு மறுபடி கூட்டு சேர 2019-ல் பேசினார்கள். 2020 கடைசி நாளில் அதுவும் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்துவிட்டார்கள்: இந்தியாவில் இனிக் கார் செய்ய மாட்டோம். ஏறக்குறைய 4,000 பேரின் வேலை. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது.

ஆலையை மூடுவதற்கு முன்பே, 2022 மே கடைசியில் தொழிலாளிகள் சரியான இழப்பீடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். பேச்சு பல சுற்று நடந்தது. சானந்த் ஆலையை டாடா வாங்கியதால் அங்கே இருந்தவர்களுக்கு வேலை தொடர வழி கிடைத்தது. மறைமலை நகர் ஆட்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இதையும் கவனியுங்கள். ஆலையை மூடிய அந்தக் கம்பெனி சென்னையை விட்டுப் போகவே இல்லை. சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், கணக்கு, டிசைன் வேலை செய்கிறவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். 2024-ல் கம்பெனியே சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் அப்படி 12,000 பேர். இன்னும் இரண்டாயிரம், மூவாயிரம் பேரைச் சேர்ப்போம் என்றும் சொன்னது. ஒரே கம்பெனி, ஒரே சென்னை. கையில் ஸ்பானர் பிடித்தவர்களை அனுப்பிவிட்டது. மேசையில் உட்கார்ந்தவர்களை வைத்துக்கொண்டது. என்னிடம் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள் இந்த இரண்டு பக்கமும் போயிருக்கிறார்கள் என்பதால் இது எனக்கு வெறும் எண்ணிக்கை இல்லை.

என்னிடம் படித்த இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர்களுக்குத் தெரியும். இருவரும் அந்தப் பக்கத்தில் கார் பாகங்கள் செய்கிற வேறொரு கம்பெனியில் ஒரே வருடம் சேர்ந்தார்கள். ஒருவனை ஒரு பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். பதினொரு வருடம் அதே மெஷின். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இரண்டு முறை நல்ல தொழிலாளி என்று பரிசும் வாங்கினான். மற்றவனைப் பராமரிப்புப் பிரிவில் போட்டார்கள். எந்த மெஷின் எங்கே நின்றாலும் ஓட வேண்டும். ராத்திரி, பகல் இல்லை. சேர்ந்த புதிதில் "டீச்சர், அவனுக்கு நல்ல வேலை, எனக்குத்தான் நாய் பாடு" என்று என்னிடம் புலம்பியிருக்கிறான்.

ஆர்டர் குறைந்ததும் அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பராமரிப்புப் பையனுக்கு ஒன்றரை மாதத்தில் ஒரகடத்தில் வேலை கிடைத்தது. மற்றவன் ஏறிய இடமெல்லாம் ஒரே கேள்வி: "அந்த மெஷின் எங்களிடம் இல்லையே, வேறு என்ன தெரியும்?" ஒரு வருடம் அலைந்தான். இப்போது ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்தவன் அவன்தான். கெட்டிக்காரத்தனத்தில் இல்லை வித்தியாசம். ஒருவன் பப்படம் வைக்கிற வரிசையில் நிறுத்தப்பட்டான், இன்னொருவன் அடுக்களைக்குள் அனுப்பப்பட்டான். அவ்வளவுதான்.

1913-ல் அந்த ஆலையை அமைத்தபோதே இது தொடங்கிவிட்டது. வேலையைத் துண்டு துண்டாக வெட்டினால் பொருள் மலிவாகும். கூடவே, அதைச் செய்கிற ஆளை மாற்றுவதும் மலிவாகும். கம்பெனிக்கு முழுக் காரும் தெரியும், அதனால் அது எந்த நாட்டுக்கும் போகும். தொழிலாளிக்குத் துண்டு மட்டும் தெரிந்தால் அவன் போக இடம் இருக்காது.

இனி அந்தத் தாய்க்குப் பதில். அவளுக்கு மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளை உள்ள எல்லோருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அனுப்பு மக்களே. பயப்படாதே. என்ஜின் செய்கிற இடத்தில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்து வேலை செய்வார்கள். அந்த ஒழுங்கை வேறு எங்கும் காசு கொடுத்தும் படிக்க முடியாது. ஆனால் அதற்காகவே காத்திருக்காதே. வேலை 600 சொச்சம், தொடங்குவது 2029. படிப்பு முடிந்ததும் கிடைக்கிற நல்ல ஆலையில் சேர்ந்துவிடட்டும். அந்த நேரம் வரும்போது அனுபவத்தோடு விண்ணப்பிக்கட்டும்.

எங்கே சேர்ந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு உத்தரவைப் படிக்கச் சொல். நிரந்தரமா, பயிற்சியாளா, ஒப்பந்த ஆளா? சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும்? பி.எஃப். உண்டா? ஆலை மூடுகிற நாளில் இந்த ஒரு காகிதம்தான் பேசும்.

சேர்ந்த பிறகு, பையன் ஒரே மெஷினில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றால் அவனே போய் மேலாளரிடம் கேட்க வேண்டும்: "சார், என்னை வேறு பிரிவுக்கு மாற்றித் தாருங்கள்." பராமரிப்பு, டூல் ரூம், தரச் சோதனை, எதுவானாலும் சரி. "நாய் பாடு" என்று தோன்றுகிற வேலையில்தான் படிப்பு இருக்கிறது. தன் மெஷினுக்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். மின்சார வண்டி பெருகி வருகிறது. பெட்ரோல் என்ஜினுக்கு எத்தனை வருடம் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். மோட்டார், பேட்டரி, கண்ட்ரோலர் பற்றியும் கூடவே படிக்கட்டும்.

முதல் சம்பளத்தைப் பார்த்து அங்கேயே இருபது வருடக் கடனில் வீடு வாங்க வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் வரட்டும், அப்புறம் மற்றது.

தொழிற்சங்கம் என்றால் வம்பு என்று நம்ம வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்துவோம். மூடுகிற நேரத்தில் தனி ஆளாகப் போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, சேர்ந்து கேட்டால்தான் பேசவே உட்காருவார்கள். அதையும் சொல்லி அனுப்பு.

கம்பெனி மறுபடி போய்விடுமா என்று கேட்டாய். போகலாம். இரண்டு முறை போயிருக்கிறது. கணக்குச் சரியாக இருந்தால் இருக்கும், சரியில்லை என்றால் போகும். அது வியாபாரம்; அதன் மேல் கோபப்பட்டும் பயனில்லை, அதைக் கும்பிட்டும் பயனில்லை. இன்றைக்கும் நம்ம மாவட்டத்தில் ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கிற ஆசான் வேலை இல்லாமல் இருக்கிறாரா என்று போய்ப் பார். வரிசையில் நாலு வண்டி நிற்கும்.

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்த, செய்கிற என் பிள்ளைகள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள். எந்தப் பிரிவில் சேர்ந்தால் நல்லது, எந்தக் கோர்ஸ் உண்மையிலேயே உதவியது, எதில் ஏமாந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிற என் மகனும் எழுத வேண்டும். அவன் சொல்வதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். கோணத்தில் படிக்கிற அந்தப் பையனிடம் இந்தப் பதிவைக் காட்டுவதாக அவன் அம்மா சொல்லியிருக்கிறாள்.